ஏப்ரல் பதினைந்து

திவாலாவதற்கும் காசு வேண்டும்.
வக்கீலுக்கு ஆயிரத்து நானூறு,
கோர்ட்டுக்கு முந்நூற்றுச் சொச்சம்,
பணத்தைப் பதமாகக் கையாள்வது எப்படி என்ற
இரண்டு மணி நேர வகுப்புக்கு
இன்னுமொரு ஐம்பது.
டோரீன் ஸ்விட்டாலா சிரித்துவிட்டாள்.
பஸ்காரெல்லாவும் சிரித்தார்.
வருகிறவர்கள் எல்லோரும்
இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள் போல.

ஈரி நகரத்தில் பிப்ரவரி.
ராத்திரி முழுக்கப் பனியைக் கொட்டிவிட்டு
காலையில் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது ஏரி.
வக்கீல் மேசையில் நீளக் குறிப்பேடு,
தாளெல்லாம் மஞ்சள்.
மஞ்சள் கடுதாசி என்றால் என்னவென்று
அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.
அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

நாய்களுக்கு முடி வெட்டும் கடை.
பதினோரு வருஷம் நடந்தது,
எதிரே கம்பெனிக் கடை வந்த பிறகு
இரண்டு வருஷம் நடப்பதுபோல் நடித்தது.
கடைக்கடன் முப்பத்தெட்டாயிரம்.
அட்டைகள் மூன்று.
தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பது
மூழ்கியவர் பேச்சு.
வக்கீல் சாண் சாணாக அளந்தார்.
ஏழாம் அத்தியாயமா, பதின்மூன்றாம் அத்தியாயமா என்றார்.
முந்தைய ஆறை அவள் படித்ததில்லை.

வீட்டில் படிவம்.
சொந்தமானவை யாவும்,
இன்றைக்கு விற்றால் என்ன விலையோ அதோடு.
கல்யாண மோதிரம், கணவன் நீங்கலாக, நூற்றிருபது.
பனி தள்ளும் இயந்திரம்,
ஒரு பக்கமாகவே இழுக்கும், நாற்பது.
கத்திரிகள் ஒன்பது, ஜப்பான் எஃகு.
விரலை விட்டுவிட்டு அவற்றுக்கு மட்டும்
விலை போடத் தெரியாமல்
கட்டத்தைக் காலியாக விட்டாள்.
நாய் ஒன்று, பிக்கிள், பதினாலு வயது,
ஒரு கண்ணில் பார்வை.
சுழி என்று போட்டாள்.
போட்டுவிட்டு, அது பார்க்குமோ என்று
தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

நாலாம் நாள் அந்தக் கேள்வி வந்தது.
கடந்த ஓராண்டில் உறவினர் எவருக்காவது
கடனைத் திருப்பிக் கொடுத்தது உண்டா?

உண்டு.
போன ஏப்ரல் பதினாலு. அக்கா லூயனுக்கு
இரண்டாயிரத்து எண்ணூறு.
அந்த ஒரு நாள் அவள் நிமிர்ந்து நடந்தாள்.
லூயன் அதில் பல் கட்டிக்கொண்டாள், கீழ் வரிசை.

"அதைத் திரும்பக் கேட்பார்கள்,"
போனில் பஸ்காரெல்லா.
"உங்களிடம் அல்ல, உங்கள் அக்காவிடம்.
மற்றவர்களை விட்டு அவருக்கு மட்டும் கொடுத்தது
சட்டத்தின் கண்ணில் ஓரவஞ்சனை."

ஓரவஞ்சனைதான்.
ராத்திரி மூன்று மணிக்கு, உறைந்த சாலையில்
அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக
எந்த வங்கியும் கார் எடுத்ததில்லை.

"ஓராண்டு தாண்டிவிட்டால்?"
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கேலண்டரைப் பார்க்காதே என்று
நான் யாருக்கும் சொல்வதில்லை.
ஆனால் அதற்குள் ஒருத்தன் வழக்குப் போட்டு ஜெயித்தால்
கணக்கில் இருப்பதை வழித்துக்கொண்டு போவான்."

ஞாயிற்றுக்கிழமை லூயன் வந்தாள்.
ஆப்பிளை வெட்டாமல் கடித்தாள்,
கடித்துக் காட்டினாள் என்றும் சொல்லலாம்.
டோரீன் மூன்று தடவை வாயெடுத்தாள்.
மூன்று தடவையும் காபி ஊற்றினாள்.

அக்கா போனபின் எண்ணினாள்.
ஒன்பது வாரம், இரண்டு நாள்.
நாளைக்கு ஆறு அழைப்பென்றால் முந்நூற்றுத் தொண்ணூறு.
படிவத்தை இழுப்பறையில்
கத்திரிகளின் மேல் வைத்து மூடினாள்.

திங்கள், எட்டு மணி ஒரு நிமிஷம்.
அடித்து ஓயட்டும் என்று
இத்தனை மாதம் விட்டிருந்தவள் எடுத்தாள்.
அரிசோனாவிலிருந்து ஒரு பையன், வேலைக்குப் புதுசு,
அவள் பெயரை மூன்று துண்டாக உடைத்தான்.
ஒட்டிக் கொடுத்தாள்.
அங்கே வெயிலா என்று கேட்டாள்.
வெயில் என்றான்,
சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் நிறுத்தினான்.
"பரவாயில்லை, சொல்லு."

வெளியே பனி வாரும் வண்டி
தெருவின் ஒரு பக்கத்தை மட்டும்
முடித்துவிட்டுப் போயிருந்தது.